பின் சீட்டில் அப்பா

"அப்பா ஏதாவது சொன்னாரா அண்ணா?"

"சொன்னார்."

"என்கிட்ட சொல்லச் சொன்னாரா, இல்லை…"

"அம்மாகிட்ட சொன்னார். 'அவகிட்ட சொல்லு, பச்சை உடம்பு, ஜாக்கிரதையா இருக்கணும்'னு."

வித்துரா ஆஸ்பத்திரியில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஆஷா சிரித்தாள். 

"எப்பப் பாரு, அவகிட்ட சொல்லு, அவகிட்ட சொல்லு. எனக்கு மதியாச்சு அண்ணா, போதும். என்னிக்கு அப்பா என்னைப் பார்த்து நேரா ஒரு வார்த்தை பேசறாரோ, அன்னிக்கு நான் கரமனைக்கு வரேன். திட்டினாலும் பரவாயில்லை. நேரா திட்டட்டும்."

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. அப்பா இன்னும் பேசவில்லை.

கரமனை வீட்டின் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பிரணவுக்கு அந்தப் பேச்சு இன்று காலையில் நினைவுக்கு வரக் காரணம் இருந்தது. உள்ளே கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சீதா, அவன்கிட்ட சொல்லு. போறதுன்னா நேரத்தோட கிளம்பணும். வெயில் ஏறினப்புறம் என்னால அலைய முடியாது."

இருவருக்கும் நடுவே ஆறடி தூரம்கூட இல்லை. கதவு திறந்துதான் இருந்தது.

சீதாலக்ஷ்மி சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "டேய், நேரத்தோட கிளம்பணுமாம்."

"கேட்டுது அம்மா."

"கேட்டிருக்கும். இருந்தாலும் என் உத்தியோகத்தை நான் பார்க்கணுமோல்லியோ."

அப்பா ராமசுப்ரமணியன் கோபம் வந்தால் கத்துகிறவர் இல்லை. எதிரே நிற்பவரை விட்டுவிட்டு மனைவியிடம் பேசுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்து ஆண்கள் அதைக் கோபம் என்றே சொல்வதில்லை, மரியாதை என்பார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், கூட வேலை பார்த்த ஆன்சனை ஆஷா ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். "அவகிட்ட சொல்லு, வேற மதத்துல போய் விழுந்தவளுக்கு இந்த ஆத்துல இடமில்லை" என்றார். ஆஷா அப்போது அவருக்கு நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்று மாலையே ஆன்சனின் ஊரான வித்துராவுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று மாதங்களுக்கு முன்பு பிரணவின் முறை வந்தது. கழக்கூட்டத்தில் அவன் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனி அவனுடைய குழுவைக் கலைத்தது. பெங்களூருக்குப் போகலாம் என்றார்கள். அவன் போகவில்லை. கம்பெனிகளுக்கு வரும் விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, ஊர் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவிட ஒரு நல்ல கார் வாங்கித் தானே ஓட்டப் போவதாகச் சொன்னான்.

"அவன்கிட்ட கேளு சீதா. கண்டவாளோட பெட்டியைத் தூக்கி டிக்கியில வெக்கறதுக்கா இன்ஜினீயரிங் படிக்க வெச்சேன்?"

அதோடு சரி. இரண்டு குழந்தைகளைப் பெற்றவர் இப்போது இருவரோடும் பேசுவதில்லை. அதில் அவருக்கு ஜெயித்த நிம்மதி ஏதும் இல்லை என்பது சீதாலக்ஷ்மிக்கு மட்டும் தெரியும். மத்தியானத் தூக்கம் போய்விட்டது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு மின்விசிறிக்கு நேரே படுத்திருப்பார். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவர் இன்று கார் பார்க்க உடன் வருகிறார் என்றால், அதற்கு மெக்கானிக் ரதீஷ்தான் காரணம்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், காப்பியைக் குடித்துக்கொண்டே தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். "அம்மா, எஞ்சின் நான் நோக்கிக்கறேன். ஓட்டறது பிரணவ் நோக்கிக்கும். பக்ஷே காசு தர ஆளு இருக்கறது பின்னாடி, எடது பக்க சீட்டுல. அங்க ஒரு ஆளை இருத்தி ஓட்டிப் பார்க்காம எக்ஸிக்யூட்டிவ் வண்டி எடுக்கப்படாது. சும்மா ஆளு போறாது. எல்லாத்துக்கும் குத்தம் சொல்ற ஆளு வேணும்."

"அதுக்கு வேற எங்கயும் தேட வேண்டாம்" என்றாள் சீதாலக்ஷ்மி.

செக்ரட்டேரியட்டில் அடிஷனல் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர் ராமசுப்ரமணியன். கடைசி வருடங்களில் தினமும் ஆபீஸ் காரின் பின் சீட்டில், இடது பக்கம், மடியில் ஃபைலோடு போய் வந்தவர். ரதீஷ் கேட்ட தகுதி எல்லாமே இருந்தது.

பேப்பரை மடித்துவிட்டு அவர் சொன்னார். "அவன்கிட்ட சொல்லு. நான் காரைப் பார்க்கத்தான் வரேன். அவனைப் பார்க்க இல்லை."

*

முதல் கார் கழக்கூட்டத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றது.

கறுப்பு நிறம். டீசல். ஆட்டோமேட்டிக். துடைத்து வைத்த பியானோ மாதிரி மின்னியது. உள்ளே தோல் சீட்டு. பின்னால் உட்காருபவருக்கென்று தனி ஏசி.

பிரணவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி வருவதற்கு முன்பே தலையாட்டிவிடுகிறவன் முகம் போல இருந்தது அவன் முகம்.

விற்பவன் பெயர் பிரதீஷ். அரை டிராயரும் கூலிங் கிளாஸுமாக இறங்கி வந்தான். அடுத்த வாரம் கனடா போகிறானாம். "ஆட்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க டெக்கிதானே, நம்ம ஆளுன்னு ஹோல்ட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றான்.

ரதீஷ் பானெட்டைத் திறந்தான். ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டினான். "எரர் ஒண்ணும் இல்லா" என்று கட்டைவிரலைக் காட்டினான்.

பிரணவ் ஓட்ட, பிரதீஷ் முன்னால் உட்கார்ந்தான். அப்பா பின்னால் இடது பக்கம். பக்கத்தில் அம்மா. சர்வீஸ் ரோட்டில் கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"சீதா, அவன்கிட்ட சொல்லு. பிரேக் போடறச்சே தலை முன்னாடி போறது. நான் என்ன அரிசி மூட்டையா?"

"டேய், அப்பா அரிசி மூட்டை இல்லையாம்."

"சரிம்மா."

"அவன்கிட்ட சொல்லு, ஏசி நேரா முழங்கால்ல அடிக்கறது."

"முழங்காலாம்டா."

பிரதீஷ் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "சாருக்கு மலையாளம் தெரியாதா?" என்று பிரணவிடம் மெல்லக் கேட்டான்.

"நன்னாத் தெரியும்" என்றான் பிரணவ். "என்னைத்தான் தெரியாது."

சொன்ன பிறகுதான் அது பின்னால் கேட்டிருக்கும் என்று உறைத்தது. கண்ணாடியில் பார்த்தான். அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வழிச் சாலைக்கு ஏறும் முன்பு அவர் சீட் பெல்ட்டைத் தேடினார்.

"பின்னாடி யாரும் போடறதில்ல சார்" என்றான் பிரதீஷ்.

"நான் போடுவேன்" என்றார். அதை மட்டும் யார் மூலமும் சொல்லவில்லை.

பெல்ட் எளிதில் வரவில்லை. இழுத்தார். கொஞ்சம் வந்து சிக்கியது. ஓய்வு பெற்ற பிறகு வயிறு வேறு தாராளமாகிவிட்டது. மறுபடி முழு பலத்தோடு இழுத்து, கடைசி அங்குலம் வரை உருவி, ஒரு வழியாக மாட்டிக்கொண்டார்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தார்கள். இறங்கிய கணவரைப் பார்த்ததும் சீதாலக்ஷ்மி கையை வாயில் வைத்தாள்.

"ஏன்னா, இதென்ன! சட்டைக்கு மேல பூணூல் போட்டுண்டா மாதிரி!"

சலவை செய்த வெள்ளைச் சட்டையில், இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை, பழுப்பாக ஒரு பட்டைக் கோடு.

ரதீஷ் கிட்டே வந்தான். கோட்டை விரலால் தொட்டுத் தேய்த்தான். முகர்ந்தான். அவன் முகம் மாறியது. பின் கதவைத் திறந்து பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். மேலே சுருண்டிருந்த பகுதி முழுக்கக் காய்ந்த சேறு. குனிந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். இரும்புத் தண்டவாளம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது.

"பிரதீஷே, வண்டி வெள்ளத்துல கிடந்ததா?"

"அது… போன மழைக்கு பேஸ்மென்ட்ல கொஞ்சம் வெள்ளம் கேறி…"

"கொஞ்சம்னா?"

பிரதீஷ் கூலிங் கிளாஸை மறுபடி போட்டுக்கொண்டான்.

சட்டையைத் தட்டிக்கொண்டே ராமசுப்ரமணியன் சொன்னார். "சீதா, அவன்கிட்ட சொல்லு. நல்ல வண்டிதான். வேளி காயல்ல போட் சர்வீஸ் ஆரம்பிக்கறதா இருந்தா தாராளமா எடுத்துக்கலாம்."

ரதீஷ் வெடித்துச் சிரித்தான். பிரணவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி அப்பாவைப் பார்த்தான். அவர் உதட்டோரத்திலும் ஏதோ எழுந்தது. ஒரு கணம், பழைய அப்பா. பரீட்சை முடிந்த நாளில் சாலைத் தெருவில் ஐஸ்க்ரீம் வாங்கித் தந்து, ஹிந்தி வாத்தியாரைப் போல் பேசிக் காட்டிய அப்பா.

அடுத்த கணம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

"முன்னாடி பெல்ட்டு ரெண்டும் நான் இழுத்து நோக்கினேன். அது புதுசா மாத்தி இருக்கான் கள்ளன்" என்று ரதீஷ் வழி நெடுகப் புலம்பினான். தன்னுடைய பழைய காரில் அவர்களை நெடுமங்காட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். அங்கேதான் இரண்டாவது வண்டி.

பிரணவ் மனசுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் ஒரு கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். அவனை நம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் வண்டி இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவின் வாய்க்கு ஆயுள் முழுவதற்கும் போதுமான அவல் கிடைத்துவிடும்.

ஒரு மரத்தடியில் நிறுத்தி, தூக்கைத் திறந்தார்கள். தயிர்சாதமும் மாவடுவும். ரதீஷ் இரண்டாம் முறை கையை நீட்டினான். "அம்மா, இந்த மாங்காய்க்கு ஒரு வண்டி ஃப்ரீயா சர்வீஸ் பண்ணலாம்."

அப்போது பிரணவின் ஃபோன் அடித்தது. திரையில் ஆஷாவின் பெயர். கார் எடுத்தாச்சா என்று கேட்கத்தான் இருக்கும். ஃபோனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டான். அடங்கியது. உடனே மறுபடியும் அடித்தது.

"சீதா, அவன்கிட்ட கேளு. ஃபோன் அடிக்கறது. ஏன் எடுக்கலை?"

"ஏன்டா எடுக்கலை?" என்று கேட்ட சீதாலக்ஷ்மிக்கு, மகன் முகத்தைப் பார்த்ததும் பதில் புரிந்துவிட்டது.

"சும்மா ஏதோ லோன் தரேன்னு கூப்பிடறா அம்மா."

ராமசுப்ரமணியன் கையலம்பிக்கொண்டு வந்து துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எடுத்திருக்கலாம்" என்றார். அதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை.

*

நெடுமங்காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது வீடு. ரோஸ் டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டே வரவேற்றார்.

"வாருங்க, வாருங்க. தமிழ்க்காரங்கன்னு போன்லயே தெரிஞ்சுட்டு. எனக்கு ஊரு பாறசாலைக்கு அங்கிட்டு. இங்க வந்து தமிழ் பேச ஆளில்லாம நாக்கு தேஞ்சு போச்சு, கேட்டியளா."

உறையை விலக்கியதும் வெள்ளைக் கார் தெரிந்தது. கறுப்புக் காரின் பகட்டு இதற்கு இல்லை. கொஞ்சம் பழைய வடிவம். கியர் வண்டி. ஆனால் நீளமும் அகலமுமாக, நல்ல உடம்பு. ரதீஷ் எடுத்த எடுப்பில் நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தான். சுத்தம்.

"எங்க சாரு, ஞானையன் சாரு, காலேஜுல கணக்கு எடுத்தவரு. போன வருசம் தவறிட்டாரு" என்றார் டீச்சர். "இந்த வண்டின்னா அவருக்கு உசிரு. ரிட்டயர் ஆனதும் வாங்கினாரு, ஊரெல்லாம் சுத்தணும்னு. எங்க போனோம்? ஞாயித்துக்கெளம சர்ச்சு, புதங்கெளம சந்தை. அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னு அப்படியே போச்சு. ஆமா, உங்களுக்குப் பிள்ளைய எத்தன?"

கேள்வி சீதாலக்ஷ்மிக்கு. வழக்கமாக அவள் இந்தக் கேள்விக்குப் பிரணவைக் காட்டிச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். ஐந்து வருடமாக அப்படித்தான். இன்று என்னவோ, வாய் தானாகச் சொன்னது.

"ரெண்டு. இவன், அப்புறம் ஒரு பொண்ணு. வித்துராவுல இருக்கா."

"வித்துராவா! கொள்ளாமே, நல்லது. இந்தா கெடக்கு வித்துரா. அடிக்கடி வருவிய போலுக்கு?"

ராமசுப்ரமணியன் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் பார்க்க ஒன்றும் இல்லை.

டீச்சர் வகுப்பறையில் காலம் கழித்தவர். மௌனத்தைப் படிக்கத் தெரியும். "நான் சாயா போடுகேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ரதீஷ் காரை ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. ஆனால் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"இதென்ன?" என்றான் பிரணவ்.

"ஃபில்டர் அடைஞ்சிருக்கு. டீசல் வண்டியை வீட்டுக்கும் சந்தைக்கும் மட்டும் எடுத்தா இப்படித்தான். எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவாங்க. கரி எரியாம உள்ளேயே தங்கிப்போகும்."

"அப்போ இதுவும் வேண்டாமா?"

"இரு, பறயறேன், கேளு. நல்ல ஒரு ஓட்டம் கிட்டினா, சூட்டுல அந்தக் கரி தானே எரிஞ்சுபோகும். விளக்கு அணைஞ்சா வண்டி தங்கம், கண்ணை மூடிட்டு எடு. அணையலைன்னா ஃபில்டர் போச்சு, நமக்குத் தாங்காது. அரை மணிக்கூர், முக்கால் மணிக்கூர் ஓட்டு. நடுவுல எஞ்சினை ஆஃப் பண்ணாதே. பின்னாடி ஆளு இருக்கட்டும். நீ டிரைவரா பேசு, பிரணவ். திங்கட்கிழமை ஜெர்மன் சாயிப்புகிட்ட எப்படிப் பேசுவியோ, அப்படி."

"நீ வரலியா?"

அதற்குள் டீச்சர் சாயாவோடு வந்துவிட்டார். "வண்டியைக் கொண்டு போங்க மக்களே. ஒங்க வண்டி இங்க நிக்குதுல்லா, எனக்கென்ன பயம்? மெக்கானிக்குப் பிள்ளை இங்க நிக்கட்டும். என் வாஷிங் மெஷின் ரெண்டு நாளா டிஸ்கோ ஆடுது."

ரதீஷ் பரிதாபமாகப் பார்த்தான். அவன் தலைவிதி முடிவாகிவிட்டது.

*

பிரணவ் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ப்ளீஸ் சார்" என்றான்.

ராமசுப்ரமணியன் ஒரு வினாடி தயங்கினார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். மறுபக்கம் சீதாலக்ஷ்மி. கதவு மெத்தென்று மூடியது.

ஊர் தாண்டியதும் பிரணவ் கியரை மாற்றி வேகம் கூட்டினான். கார் தயங்கவில்லை. கட்டிப்போட்டிருந்த மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டது போல முன்னால் பாய்ந்தது. சாலையின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள் ஓடின. மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது.

"சீதா, அவன்கிட்ட சொல்லு…"

சீதாலக்ஷ்மி பெருமூச்சு விட்டாள். "இப்ப என்ன குத்தம்?"

"குத்தமில்லை. கால் நீட்ட முடியறது."

"டேய், அப்பாவுக்குக் கால் நீட்ட முடியறதாம்."

பிரணவ் கண்ணாடியில் சிரிப்பை மறைத்துக்கொண்டான். வளைவில் வேகத்தைக் குறைத்து மென்மையாகத் திருப்பினான். அப்பாவின் தலை முன்னால் போகவில்லை. அவரும் அதைக் கவனித்தார் என்பது தெரிந்தது. அடுத்த வளைவில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவில்லை.



"அவன்கிட்ட கேளு. இந்த வண்டி மலை ஏறுமா?"

"எந்த மலைன்னா? ஏர்போர்ட்டுக்கும் கழக்கூட்டத்துக்கும் நடுவுல எங்கே இருக்கு மலை?"

"சும்மா கேட்டேன்."

சுள்ளிமானூர் வந்தது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாலோட்டுக்கு. இன்னொன்று தொளிக்கோடு வழியாக வித்துராவுக்கு, அதற்கப்பால் பொன்முடிக்கு.

வித்துராவுக்குப் போகும் அந்த வழியில் பிரணவ் எத்தனையோ தடவை பைக்கில் போயிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வீட்டில் வேறு ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு. இன்று பின் சீட்டில் அப்பாவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்ப அவன் கை எழவில்லை. பாலோட்டுப் பக்கம் திரும்பவும் மனம் வரவில்லை.

ஒரு பேக்கரியை ஒட்டி ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தான். விளக்கு அணையவில்லை. இன்னும் ஓட வேண்டும். ஏதாவது ஒரு பக்கம்.

டிரைவராகப் பேசு என்று ரதீஷ் சொல்லியிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"எந்தப் பக்கம் போகணும், சார்?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை.

ராமசுப்ரமணியன் வழிகாட்டிப் பலகையைப் பார்த்தார். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஊர்ப் பெயர்கள். வெகு நேரம் பார்த்தார்.

"சீதா" என்றார். "அவன்கிட்ட…"

"மாட்டேன்."

அவர் திரும்பினார். "என்ன?"

"மாட்டேன்னா. என்னால முடியாது."

சீதாலக்ஷ்மி முன் சீட்டின் முதுகைப் பார்த்தபடி பேசினாள். குரல் உயரவில்லை. கைகள் மட்டும் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.

"இத்தனை வருஷமா உங்க வார்த்தையை அவாகிட்டயும், அவா வார்த்தையை உங்ககிட்டயும் சுமந்தாச்சு. ஒரு தடவைகூட நீங்க சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை, தெரியுமோ? கோவத்தை எல்லாம் நான் எடுத்து வெச்சுண்டு, மிச்சத்தைத்தான் சொல்லுவேன். எடுத்து வெச்சது அத்தனையும் இங்கே கிடக்கு." நெஞ்சைத் தொட்டாள். "இனிமே இடமில்லைன்னா. மதி."

"சீதா…"

"குழந்தை ஃபோட்டோவை நான் பாத்ரூம்ல வெச்சுப் பார்க்கறேன். வெள்ளி முளைச்ச மாதிரி பல்லு. உங்க நெத்தி. அவ பேசறதை, காதுல மாட்டிண்டு, தண்ணியைத் திறந்துவிட்டுண்டு கேக்கறேன். அறுபது வயசுல இது எனக்குத் தேவையா? நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்கோ. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கோ. ஆனா நீங்களே சொல்லுங்கோ. அதோ உக்காந்திருக்கான் உங்க பிள்ளை. கை நீட்டினா தொடலாம்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பிரணவ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். அம்மா இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. பேக்கரிக் கண்ணாடி அலமாரியில் யாரோ பழம்பொரியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாலோட்டுக்குப் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த ஃபோன் மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் ஆஷா. மூன்று பேருக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. பிரணவ் எடுக்கவில்லை. கவிழ்த்தும் வைக்கவில்லை. அது தானாக ஓய்ந்தது.

ராமசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

சொல்வதற்கு அவரிடம் வார்த்தைகள் இல்லாமல் இல்லை. எத்தனையோ மத்தியானங்களில், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் பார்த்தவைதான். சொல்லும் நேரத்தில் "சீதா" என்று ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்ததும், அது வேறு எதுவாகவோ முடிந்துவிடும். வெயில், ஏசி, அரிசி மூட்டை. இப்போது ஆரம்பிக்க அந்தப் பெயர் இல்லை.

அவர் முன்னால் நகர்ந்தார். பெல்ட் தடுத்தது. அதை விடுவித்தார். முன் சீட்டின் மேல் கை வைத்தார். விரல்கள் மகனின் தோளில் பட்டும் படாமலும் நின்றன.

"பிரணவ்."

மூன்று மாதங்களில் முதல் முறை. பிரணவ் திரும்பினான்.

"ஆஷாவைப் பார்க்கணும்டா" என்றார் அப்பா. "என்னை அவ ஆத்துக்குக் கூட்டிண்டு போ."